மழைத்தீவில் வறட்சிக்கு ஒரு பொற்பூச் செடி

போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நகரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோயம்புத்தூரில் பெய்வதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். நாட்டிலேயே முதலில் தென்மேற்குப் பருவமழையைப் பார்ப்பதும் இந்தத் தீவுகள்தான். கேரளத்துக்கு மழை வந்து சேர்வதற்குச் சில நாட்கள் முன்பே, மே மாதத்தின் பிற்பாதியில், இங்கே கொட்டத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட ஊரில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் குழாயடியில் குடங்கள் காத்துக்கிடக்கின்றன. குடிநீர் நாள் விட்டு நாள் வரும். சில ஆண்டுகளில் அதைவிட நீண்ட இடைவெளியிலும் வரும்.

காரணம் நில அமைப்பில் இருக்கிறது. அந்தமான் என்பது கடலுக்கு மேல் தலை நீட்டிய ஒரு மலைத்தொடர். சரிவுகள் செங்குத்தானவை, ஓடைகள் குட்டையானவை. உச்சியில் விழுந்த மழை சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடுகிறது. நகரத்தின் முதன்மையான நீர் ஆதாரம் தானிக்காரி அணை. டிசம்பரோடு மழை ஓய்ந்தால் மே வரை பெரிதாக எதுவும் வராது. அந்த நான்கு மாதங்களை அணையில் தேங்கியதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். முதலில் தண்ணீர் நிறுத்தப்படுவது வீட்டுத் தோட்டத்துக்கு. எட்டு மாதம் செழித்து நின்ற செடி நான்கு மாதத்தில் காய்ந்து குச்சியாகிவிடும்.

கடற்கரையோர வீடுகளில் நிலைமை இன்னும் கடினம். அங்கே மண் என்பது பெரும்பாலும் பவளத் துகள். கடல் பொடித்துக் கரையில் கொட்டிய சுண்ணாம்பு மணல் அது. மழை விழுந்ததும் மணற்பரல்களின் இடுக்குகள் வழியே கீழே இறங்கிவிடும். மேல் அடுக்கு ஓரிரு நாளில் உலர்ந்துவிடும். காற்று எந்நேரமும் உப்புத் திவலைகளை இலைமேல் தெளிக்கும். வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு கூடினால், நீர் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. சவ்வூடு பரவலின் விதி எதிர்ப்பக்கம் நின்றுவிடும். உயிரியலாளர்கள் இதை உடலியல் வறட்சி என்பார்கள். மழைமானியில் 3,000 மில்லிமீட்டர் பதிவாகும் இடத்தில், கரையிலிருந்து பத்தடி தள்ளி நிற்கும் ஒரு செடி பாலைவனத்துச் செடி படும் பாட்டையே படும்.

சுண்ணாம்பு மண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. காரத்தன்மை மிகுந்தால் இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் கரையாமல் கிடக்கும். தமிழர் வீட்டுத் தோட்டங்களில் விரும்பி வளர்க்கப்படும் இட்லிப்பூச் செடி இதில்தான் முதலில் தோற்கும். நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இலை முழுவதும் வெளிறி மஞ்சளாகும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் இரண்டு குடம் ஊற்றுவார்கள். அதனால் பயன் ஏதும் இல்லை.

அந்த இரண்டு குடமும் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. மணல் நிறைந்த சிறு தீவுகளிலும் தாழ்ந்த கரைகளிலும் மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, அடியில் ஊறியிருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்நீர் கனமானது, லிட்டருக்கு ஏறத்தாழ 1,025 கிராம். நன்னீர் 1,000 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசத்தில்தான் தீவு வாழ்க்கை நிற்கிறது. நெதர்லாந்தின் பாடன் கைபன், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே இதைக் கணக்கிட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். கேட்க இனிமையான கணக்கு. அதையே திருப்பிப் போட்டால் அச்சம் வரும்: கோடையில் கிணற்றை இறைத்து நீர்மட்டத்தைப் பத்து சென்டிமீட்டர் இறக்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் எல்லை காலப்போக்கில் நான்கு மீட்டர் வரை மேலேறி வரும். ஒருமுறை உப்பேறிய கிணறு பழைய நிலைக்குத் திரும்ப ஆண்டுகள் ஆகலாம். ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு போன்ற இடங்களில் தங்கும் விடுதிகள் பெருகி, கடற்கரையோரம் புல்வெளி வளர்க்கும் ஆசையும் கூடவே வந்திருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் அந்தப் புல்லுக்கு ஊற்றும் தண்ணீர் பக்கத்து வீட்டுக் குடிநீரிலிருந்து குறைகிறது.

ஆகவே கோடையில் தண்ணீர் கேட்காத, எப்போதும் பச்சையாக நிற்கும், பூவும் தரும் ஒரு புதர்ச்செடி இந்தத் தீவுகளுக்கு அழகுக்கான தேவை மட்டும் அல்ல.

தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இந்தக் கேள்விக்கு உடனே மனத்தில் வரும் விடை ஆவாரை. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு வீட்டு வாசலில் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் காப்புக் கட்டும் பூ. சங்க காலத்தில் மடலேறத் துணிந்த காதலன் சூடிய பூ. பட்டையில் நிறைந்த துவர்ப்பொருளால் சென்னை மாகாணத்தின் தோல் பதனிடும் தொழிலையே தாங்கிய செடி. கரட்டு நிலத்திலும் ரயில் பாதையோரத்திலும் யாரும் ஒரு சொட்டு நீர் ஊற்றாமலே பொன்னாகப் பூத்து நிற்கும். ஆனால் அது பழகிய வறட்சி வேறு. ஆண்டு முழுக்க 600, 700 மில்லிமீட்டர் மழை, நீர் நிற்காத செம்மண், உலர்ந்த காற்று. அந்தமானின் மலைச்சரிவுக் களிமண்ணில் எட்டு மாதம் ஊறிக் கிடக்க அதன் வேர்கள் கற்கவில்லை. வறட்சியைத் தாங்கும் என்று நாற்றுப் பண்ணைப் பலகையில் எழுதியிருந்தால், எந்த வறட்சியை என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு விடை ஏற்கெனவே தீவுக்குள் வந்துவிட்டது, அது தவறான விடை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதிகளைச் சேர்ந்த வெடேலியா என்னும் மஞ்சள் பூப் படர்கொடியைத் தரைமூடும் அழகுச் செடியாக உலகமெங்கும் நட்டார்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டு, தோட்டத்து வேலியைத் தாண்டிச் சாலையோரத்துக்கும் ஓடைக்கரைக்கும் போய்விட்டது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. அதே பட்டியலில் உள்ள ஆப்பிரிக்க ராட்சத நத்தை, இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் அந்தமானைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் இங்கு வந்து சேர்ந்தது. இன்றும் காய்கறித் தோட்டங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. புள்ளிமானை ஆங்கிலேயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் கொண்டுவந்து விட்டார்கள். புலியோ சிறுத்தையோ இல்லாத காட்டில் அது பெருகி, முளைத்து வரும் கன்றுகளை மேய்கிறது. சூழலியலாளர் ரௌஃப் அலி இத்தகைய வந்தேறி மேய்ச்சல் விலங்குகள் அந்தமான் தாவரங்களுக்குச் செய்யும் கேட்டை ஆராய்ந்து எழுதினார். தீவில் ஒரு தோட்டத்துக்குள் கொண்டுவரும் எதுவும் அந்தத் தோட்டத்தோடு நிற்பதில்லை என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சரியான விடை இங்கேயே இருக்கிறது. யாரும் கொண்டுவராமல், கடல்வழியே தானாக வந்து கரையேறிய செடி அது.

சோஃபோரா டொமென்டோசா என்பது அதன் அறிவியல் பெயர். லின்னேயஸ் 1753இல் பெயர் சூட்டியபோது அதன் இருப்பிடமாக இலங்கையைக் குறித்தார். சிங்களத்தில் அதை முது முருங்கா, அதாவது கடல் முருங்கை என்கிறார்கள். அவரை, துவரை, ஆவாரை எல்லாம் சேர்ந்த அதே பெரிய குடும்பம். ஆளுயரத்திலிருந்து இரண்டு ஆள் உயரம் வரை வளரும் புதர். ஒரே காம்பில் எதிரெதிராகச் சிற்றிலைகள், பெரும்பாலும் பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரை. தொட்டுப் பார்த்தால் இலை வெல்வெட். அதன்மேல் அடர்ந்திருக்கும் நுண்மயிர் செடிக்கே ஒரு வெள்ளிச் சாம்பல் நிறத்தைத் தருகிறது. கிளை நுனிகளில் பொன்மஞ்சள் பூங்கொத்து. காய்தான் பார்த்தவுடன் அடையாளம் காட்டும்: விதைக்கு விதை இறுகி, நூலில் கோத்த மணிமாலைபோல் தொங்கும்.

அந்த வெள்ளி மயிரில் நிறைய வேலை நடக்கிறது. வெயிலின் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்பிவிடுகிறது, இலை சூடாவது குறைகிறது. மயிர்களுக்கிடையே அசையாத காற்றுப் படலம் ஒன்று தங்கி, இலைத்துளைகளிலிருந்து வெளியேறும் ஈரத்தைச் சற்றே பிடித்து வைக்கிறது. கடற்காற்று சுமந்துவரும் உப்புத் துளி நேராக இலைத்தோலில் படாமல் மயிர் நுனியில் தங்கி, அடுத்த மழையில் கழுவப்பட்டுப் போகிறது. ஒரே உடுப்பு வெயில், காற்று, உப்பு என மூன்றையும் தடுக்கிறது. அந்தமான் நிக்கோபார் கரைகளில் இதன் அண்டை வீட்டுக்காரனான சூரியானா மாரிட்டிமா என்னும் மஞ்சள் பூச் செடி வேறொரு வழியையும் பிடித்திருக்கிறது. அதன் இலை சிறிது, தடித்தது, சதைப்பற்று மிக்கது.

சோஃபோரா உலகின் வெப்பமண்டலக் கரைகள் அனைத்திலும் காணப்படுகிறது. ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள், பிரேசில், ஃபுளோரிடா. மனிதன் கப்பலேறுவதற்கு வெகுகாலம் முன்பே அதன் விதை கடல் கடந்துவிட்டது. விதையின் தோல் கல்போல் கடினம். உள்ளே நீர் புகாது. கடலில் மிதந்து, அலை எறிந்த கரையில் மழையும் மணலும் தோலைத் தேய்த்துத் தேய்த்து ஒரு கீறல் விழும்வரை உறங்கும். கீறல் விழுந்ததும் நீர் உள்ளே போகும், முளை விடும். உப்பைத் தாங்குவதும் மணலில் பிழைப்பதும் இந்தப் பயணத்தோடு சேர்ந்து வந்த தகுதிகள்.

சோஃபோராவின் இலையிலும் விதையிலும் நஞ்சுகள் உண்டு. சைட்டிசின் என்ற ஆல்கலாய்டு அவற்றுள் ஒன்று. ஐரோப்பியத் தோட்டங்களில் பொன்மழைபோல் பூத்துத் தொங்கும் லாபர்னம் மரத்திலும் இதே நஞ்சுதான். மூளையில் நிக்கோட்டின் பற்றிக்கொள்ளும் அதே இடத்தைச் சைட்டிசினும் பற்றும். அதனால்தான் புகையிலை கிடைக்காத போர்க்காலத்தில் சிப்பாய்கள் லாபர்னம் இலையைப் புகைத்தார்கள். 1960களில் பல்கேரியா சைட்டிசினைப் புகைப்பழக்கத்தை விடவைக்கும் மாத்திரையாக்கியது. பிற்பாடு வந்த வாரெனிக்ளின் என்னும் மருந்தும் இதன் அமைப்பைப் பார்த்துச் செய்ததே. செடிக்கு இது மேய்ச்சல் விலங்குகளை எதிர்க்கும் காவல். தோட்டக்காரர் மனத்தில் வைக்க வேண்டியது வேறு: அழகான மணிபோன்ற விதையைச் சிறுபிள்ளைகள் வாயில் போடக் கூடாது, வெட்டிய கிளைகளை ஆட்டுக்குப் போடக் கூடாது. அரளி வளர்க்கத் தெரிந்த வீட்டுக்கு இந்தக் கவனம் புதிதில்லை.

நஞ்சு எப்போதும் காப்பாற்றிவிடாது. இதே சோஃபோரா பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு தீவுச் செடியின் கதை, தோட்டம் என்னும் சிறு இடம் எவ்வளவு பெரிய வேலையைச் செய்ய முடியும் என்று காட்டுகிறது. பசிபிக் கடலின் நடுவே, சிலி நாட்டுக் கரையிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது ராப்பா நூயி, ஈஸ்டர் தீவு. அங்கே மட்டும் வளர்ந்த பொன்மஞ்சள் பூச் சோஃபோராவின் பெயர் டோரோமிரோ. கடினமும் செம்மையும் கொண்ட அதன் கட்டையில் அந்தத் தீவினர் முன்னோர் உருவங்களைச் செதுக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீவு ஆட்டுப் பண்ணையாக மாறியது. ஆயிரக்கணக்கான செம்மறிகள் நாலாபுறமும் மேய்ந்தன. 1917இல் சுவீடன் தாவரவியலாளர் கார்ல் ஸ்காட்ஸ்பெர்க் தேடியபோது ரானோ காவு எரிமலையின் பழைய வாய்க்குள், ஆடு எளிதில் எட்ட முடியாத சரிவில், ஒரே ஒரு மரம் நின்றது. 1955-56இல் நார்வேயின் தோர் ஹெயர்டால் குழு அங்கே போனபோது அது இன்னும் உயிரோடு இருந்தது. அதன் விதைகளை எடுத்துப்போனார்கள். சில ஆண்டுகளில் அந்த மரமும் போய்விட்டது. காட்டில் டோரோமிரோ அற்றுப்போயிற்று.

எடுத்துப்போன விதைகள் சுவீடனின் கோத்தன்பர்க் தாவரவியல் பூங்காவில் முளைத்தன. இன்று ஐரோப்பாவிலும் சிலியிலும் உள்ள பூங்காக்களிலும் தனியார் தோட்டங்களிலும் டோரோமிரோ பூக்கிறது. தாய்மண்ணில் திரும்ப நடும் முயற்சிகள்தான் திரும்பத் திரும்பத் தடுமாறின, கன்றுகள் பிழைக்கவில்லை. செடியைக் காப்பாற்றிய பிறகும் அதற்குரிய மண்ணும் மண்ணின் நுண்ணுயிர்களும் நிழலும் கைவிட்டுப் போயிருந்தன. ஒரு செடி அழியும் விளிம்புக்கு வந்தபின் காப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சாட்சி. அந்தமான் சோஃபோராவுக்கு அப்படி ஓர் ஆபத்து இன்று இல்லை, உலகெங்கும் பரவிய இனம் அது. ஆனால் ஒவ்வொரு கரையிலும் உள்ள கூட்டம் அந்தக் கரைக்கு ஏற்பப் பழகியது. அந்தமான் கரை ஒரே நாளில் எப்படி மாறும் என்பதை இந்தத் தலைமுறை பார்த்திருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தில் வட அந்தமான் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்தன. தெற்கே நிக்கோபார் தீவுகள் அமிழ்ந்தன. இந்திரா முனையின் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. கரையோரப் புதர்களும் மரங்களும் வளர்ந்திருந்த மணல் திட்டு பல இடங்களில் முழுதாக மறைந்தது. தலைநகருக்குப் பக்கத்தில் சிப்பிகாட் வயல்களில் உப்புநீர் புகுந்து நெல் விளைந்த நிலம் சதுப்பானது. இத்தகைய கரையில் வேலியாக எதை நடுவது என்ற கேள்விக்கு, உப்பையும் மணலையும் வறட்சியையும் பிறவியிலேயே அறிந்த செடியைத் தவிர வேறெது பொருந்தும்?

வளர்ப்பது எளிது, பொறுமை மட்டும் சிறிது வேண்டும். முற்றிப் பழுப்பான காயிலிருந்து உதிர்ந்த விதையை ஊரை ஒட்டிய கரைகளில் பொறுக்கலாம். பழங்குடியினர் காப்பகங்களிலும், 1983இல் அமைந்த வண்டூர் கடல்சார் தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் கை வைக்கக் கூடாது. கிடைத்ததை எல்லாம் அள்ளாமல் ஒரு பிடி எடுத்தால் போதும். தொலைதூரத்திலிருந்து விதை வரவழைப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஃபுளோரிடாவில் வீட்டுத் தோட்டங்களுக்கென நாற்றுப் பண்ணைகள் இந்தச் செடியை விற்கத் தொடங்கியபோது, உள்ளூர் வகையை விட வெள்ளி இலை கொண்ட வெளியூர் வகையே அதிகம் பரவியது. இப்போது இரண்டையும் பிரித்துச் சொல்லி வாங்கும்படி அங்கே அறிவுறுத்த வேண்டியிருக்கிறது. 1972இல் தொடங்கி இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மண்டல மையம் இந்தத் தீவுகளில் இயங்கிவருகிறது. தானிக்காரியில் அதற்கு ஒரு சோதனைத் தோட்டமும் உண்டு. அடையாளத்தில் ஐயம் வந்தால் கேட்க இடம் இருக்கிறது.

விதையின் ஒரு பக்கத்தை அரத்தாலோ உப்புத்தாளாலோ உள்பருப்பு தெரியாத அளவுக்குத் தேய்த்து, ஒரு நாள் தண்ணீரில் போட வேண்டும். ஊறிப் பருத்த விதை பிழைக்கும். பருக்காததை மறுபடி தேய்க்கலாம். கடல் மாதக்கணக்கில் செய்யும் வேலையைக் கை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறது. மணல் இரண்டு பங்கு, மக்கிய இலையுரம் ஒரு பங்கு கலந்த பையில் ஊன்றி, ஈரம் காயாமலும் தேங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். விதை ஊன்ற உகந்த காலம் பிப்ரவரி. மே கடைசியில் மழை இறங்கும்போது கன்று நடுவதற்குத் தயாராக இருக்கும். அப்போது நட்டால், டிசம்பர் வரை ஏழு மாதம் வேர் கீழே போக அவகாசம் கிடைக்கும். ஆகஸ்டுக்குப் பிறகு நடும் கன்றுக்கு இந்த அவகாசம் பாதியாகிவிடும்.

கடற்கரை மணலில் நேராக நடலாம். மலைச்சரிவின் செங்களிமண்ணில் நடுவதானால், முழங்கால் உயரத்துக்கு மணல் கலந்து மேடு கட்டி அதன்மேல்தான் நட வேண்டும். மழைக்காலத்தில் காலடியில் நீர் நின்றால் வறட்சியைவிட விரைவில் அது கொன்றுவிடும். நாள் முழுக்க வெயில் விழும் இடமாகப் பார்க்க வேண்டும். நிழலில் செடி நெட்டையாக ஓடும், பூ குறையும். உரம் பெரிதாகத் தேவையில்லை. முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஒரு குடம், அதையும் அடிமரத்தைச் சுற்றித் தென்னை மட்டையோ தேங்காய் நாரோ பரப்பிவிட்டு ஊற்றினால் நல்லது. இரண்டாம் கோடையில் இலை தொங்கினால் மட்டும் கொடுக்கலாம். மூன்றாம் கோடையிலிருந்து பெரும்பாலும் வேண்டியிராது.

கத்தரிப்பதில்தான் பலர் ஆர்வக்கோளாறு காட்டுவார்கள். பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். மாதம் தவறாமல் வேலியைச் சமமாக வெட்டிக்கொண்டிருந்தால் பச்சை மதில் கிடைக்கும், பூ கிடைக்காது. ஒரு பூப்பருவம் முடிந்து காய் பிடிக்கத் தொடங்கும்போது ஒருமுறை லேசாக நுனி கிள்ளினால் புதுக்கிளைகள் பக்கவாட்டில் வெடித்து, அடுத்த முறை கொத்துகள் கூடும். காய்களில் சிலவற்றை விட்டுவைத்தால், மணி மணியாகக் கரும்பழுப்பில் காய்ந்து தொங்கும் அவற்றிலிருந்து அடுத்த ஆண்டுப் பைகளுக்கு வேண்டிய விதை கிடைக்கும். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். நஞ்சுள்ளது என்பதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.